பச்சைக் குழி

பொருட்காட்சியில் பணம் வைத்து ஆடும் சக்கரத்துக்கு மோட்டார் வைத்துவிட்டார்களாம். பொத்தானை அமுக்கினால் அதுவே சுற்றி அதுவே நிற்குமாம். கடைசியில் நான் பார்த்த டிக்கெட் கவுன்ட்டர் வேலைக்கு எனக்கு அடுத்து வந்த பெண்கள் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தபோது இதைச் சொன்னார்கள். ஒருத்தி காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "நீங்க கையாலயே சுத்துனீங்களாமே அக்கா? கையில ஏதாச்சும் வித்தை வெச்சிருந்தீங்களா?"

வித்தையாவது வெங்காயமாவது! அவளுக்கு அப்போது ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து மத்தியானம் கண் அசந்தால் போதும், அந்தச் சக்கரம் வந்துவிடுகிறது. தந்தக் குண்டு விளிம்பில் ஓடும் அந்த 'ர்ர்ர்' சத்தம் காதுக்குள்ளே கேட்கிறது. எங்கேயோ மாட்டு மணி ஆடுகிறது. செம்மண் புழுதிக்குப் பின்னால் ஓசூர் மலை, காலே இல்லாததுபோல் ஆகாயத்தில் நிற்கிறது. முழித்தால் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சரி, எழுதிவிட்டால் தொல்லை விடும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மத்திகிரி. அப்பா குதிரைக்கும் மாட்டுக்கும் லாடம் அடிப்பவர். ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள், கோட்டும் குடையுமாக ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். ஒரு முக்காலியின் கால்களுக்கு இரும்புப் பூண் போட வேண்டும் என்றார். அவர்தான் நாயுடு. ஊர் ஊராகச் சந்தைக்கும் தேருக்கும் போகும் ஒரு பொருட்காட்சிக் கம்பெனியின் மேனேஜர். அப்பா பூண் அடிக்கும்போது முக்காலியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சுத்தியல் விழுந்த ஒவ்வொரு தடவையும் நாயுடு என் கையையே பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னா பாக்கறீங்க?" என்றேன்.

"பதறாத கைம்மா, உன் கை" என்றார் நாயுடு. அப்பா பக்கம் திரும்பி, "ஆம்பள சுத்தினா ஜனங்க மணிக்கட்டையே பாக்கறாங்க. பொம்பள சுத்தினா நம்புவாங்க. இந்தப் பொண்ண வேலைக்கு அனுப்பறியா?" என்றார்.

அப்பா மூன்று நாள் யோசித்தார். அம்மா அழுதாள். எங்கள் கோயில் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சூதாட்டத்தைப் பற்றிப் பேசினார். பெயர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். நான் போய்விட்டேன். இருபது வயது. வீட்டில் கஞ்சிக்கே இழுபறி. பிரசங்கம் கேட்டால் வயிறு நிறையுமா?

வேலை பழகியதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க, காவேரிப்பட்டினத்தில் ஒரு கொட்டகைக்குள் ஆளே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பழகினேன். அவ்வளவுதான்.

சக்கரம் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. அவர்கள் கப்பலேறிய பிறகு பெங்களூரில் ஒரு கிளப்பைக் கலைத்து சாமான்களை ஏலம் போட்டபோது நாயுடு எடுத்தது. தேக்கும் பித்தளையும். முப்பத்தேழு குழிகள். பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு, ஒன்றே ஒன்று பச்சை. சிவப்பிலும் கறுப்பிலும் ஒன்று முதல் முப்பத்தாறு வரை நம்பர் இருக்கும். பச்சையில் பூஜ்யம். சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சிவப்பும் கறுப்பும் கலந்து களி நிறத்தில் ஒன்றாகிவிடும். வேகம் குறையக் குறைய, தூக்கத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வருவதுபோல் நம்பர்கள் தனித்தனியாக வெளியே வரும். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட எனக்கு அலுத்ததில்லை.

காலையில் தார்ப்பாயை எடுத்ததும் முதல் வேலை ரசமட்டம். நாயுடு தன் கையாலேயே வைப்பார். கிழக்கு மேற்காக ஒரு தரம், தெற்கு வடக்காக ஒரு தரம். மட்டக் குழாயில் இருக்கும் அந்தச் சின்னக் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை முக்காலிக் கால்களுக்கு அடியில் பனையோலைத் துண்டை மடித்து மடித்துச் செருகுவார். சில நாள் இதற்கே வெயில் ஏறிவிடும். அப்புறம் மல் துணியால் குழி குழியாகத் துடைக்க வேண்டும். அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு விட்டால் திட்டு விழும். திட்டு என்றாலும் கத்த மாட்டார். "அம்மா தல்லி, இது தோசைக்கல் இல்ல" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்வார், அவ்வளவுதான்.

சுற்றுவதற்கும் முறை உண்டு. "வைக்கலாம்" என்று நான் சொன்ன பிறகுதான் ஜனங்கள் நம்பர் எழுதி விரித்த துணியில் பணம் வைக்கலாம். சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளி, குண்டை எதிர்ப் பக்கம் ஓட விடுவேன். அடுத்த தடவை இரண்டும் திசை மாறும். குண்டு வேகம் தளரும்போது "கையெடு" என்பேன். அதற்கப்புறம் யாராவது கை நீட்டினால் அந்தப் பணம் செல்லாது. இதில் நாயுடு மிகவும் கண்டிப்பாக இருந்தது ஒரு விஷயத்தில்தான். சுற்றும்போது நான் துணியைப் பார்க்கவே கூடாது. எந்த நிறத்தில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் கைக்கும் தெரிந்துவிடும் என்பார். "கண்ணு மலைமேல, கை சக்கரத்துமேல" என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம். ஓசூர் மாட்டுச் சந்தையில் சக்கரம் போட்டால் நான் அந்த மலைக்கோயிலைப் பார்த்துக்கொண்டேதான் சுற்றுவேன். அந்தோணியாரைக் கும்பிடுகிற நான், அந்த மலையைப் பார்த்த அளவுக்கு அந்த ஊர்ப் பக்தர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாயுடுவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவர் யாரையும் விளையாடக் கூப்பிட்டதில்லை. பக்கத்துக் கடைக்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான், இவர் குடையை ஊன்றிக்கொண்டு பேசாமல் நிற்பார். தோற்றவனைப் பார்த்துச் சிரிக்க மாட்டார், ஜெயித்தவனைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். வாயில் பொய் வராது. கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததைச் சொல்லவும் மாட்டார்.

ஆரம்பத்தில் ஒரு நாள் நானே கேட்டேன். "நாம ஏமாத்தவே மாட்டோம்ங்கறீங்க. அப்புறம் நமக்கு எப்படிங்க சோறு?"

"பச்சைக் குழிம்மா" என்றார். "முப்பத்தேழு குழி இருக்குது. சரியான நம்பர் சொன்னவனுக்கு, குழி முப்பத்தாறுதான்ங்கற கணக்குலதான் நாம பணம் தரோம். சிவப்பு கறுப்புல வெச்சா ஒண்ணுக்கு ரெண்டு. பச்சையில குண்டு விழுந்தா ரெண்டு பேர் பணமும் நமக்கு. அந்த ஒரு குழிதான் நம்ம பங்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். பெங்களூர் ரோட்டுல சுங்கச்சாவடி இருக்குதே, அது வண்டி பின்னால ஓடுதா? நின்ன எடத்துல நிக்குது. எவன் எந்த ஊருக்குப் போனாலும் துளி துளியா வாங்கிக்குது. சக்கரம் மட்டமா நின்னாப் போதும்மா. ஏமாத்தறது அவசரக்காரன் வேல."

இது தெரியாமல்தான் ஜனங்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். ஜன்ம நட்சத்திரத்தை எண்ணி நம்பர் வைப்பார்கள். ராகு காலம் முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எட்டாம் நம்பரைத் தொடவே மாட்டார்கள், சனியாம். வந்த நம்பரையே பிடித்துத் தொங்குகிறவன் ஒரு பக்கம், வராத நம்பருக்காகக் காத்துக் கிடக்கிறவன் மறுபக்கம். நாயுடு எல்லோரையும் ஒரே மரியாதையோடு பார்ப்பார். எந்த வழியில் போனாலும் சாவடியைத் தாண்டித்தானே போக வேண்டும்?

இங்கேதான் ஒரு கோளாறு நடந்தது. சக்கரத்துக்குப் பூஜை போட்டபோது சந்தனம் குங்குமம் எங்கே வைப்பது என்று நாயுடு வெகு நேரம் யோசித்தாராம். ஏதாவது ஒரு நம்பர்மேல் வைத்தால், மேனேஜரே ஜாடை காட்டுகிறார் என்று எல்லோரும் அதில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அது நியாயமில்லை. பூஜ்யத்தை யாரும் நம்பராக எண்ணுவதில்லை, அதனால் பச்சைக் குழிக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் அங்கேயே வைத்தார்.

எங்கள் பக்கத்தில் களத்தில் ராகி தூற்றி முடித்ததும், அளக்கத் தொடங்கும் முன் சாமிக்கென்று ஒரு பங்கை முதலில் ஒதுக்கி வைப்பார்கள். அப்புறம்தான் வீட்டுக்கு, ஆளுக்கு, கடனுக்கு. குங்குமம் வைத்த அந்த ஒற்றைப் பச்சைக் குழியைப் பார்த்ததும் குடியானவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'சாமி குழி' என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் விழுகிற பணம் மலைக்கோயிலுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பச்சையிலும் பணம் வைக்கலாம், ஜெயித்தால் நிறையக் கிடைக்கும். ஆனால் சாமி பங்கில் எவன் கை வைப்பான்? குண்டு அங்கே விழுந்தால் தோற்ற வருத்தமே இருக்காது. சில பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "சாமி எடுத்துக்கிச்சு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் பணம் எடுப்பார்கள்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நாயுடுவிடம் சொன்னேன். "யாரும் என்னக் கேக்கலியேம்மா. கேட்டா சொல்லுவேன்" என்றார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த வருஷம் ஓசூர்ப் பங்குனிச் சந்தைக்குத்தான் மாதப்பன் வந்தார். அஞ்செட்டிப் பக்கம் மலைக்காட்டை ஒட்டிய நாட்றாம்பாளையத்துக் குடியானவர். நெட்டையான ஆள், தோளில் இரண்டு புதுக் கயிறு. மாடு விற்கிறவன் பழைய கயிற்றைக் கொடுக்க மாட்டான், கயிற்றோடு லட்சுமி போய்விடுவாள் என்று அவிழ்த்துக்கொள்வான். வாங்குகிறவன்தான் புதுசு கொண்டுவர வேண்டும். காவேரிப்பட்டினத்து வியாபாரி ஒருவரிடம் கறுத்த ஆலம்பாடி எருது ஜோடி ஒன்றைப் பார்த்து மனசைக் கொடுத்துவிட்டார் மாதப்பன். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலையும் முடிந்துவிட்டது. கையில் இருந்த பணத்துக்கு முப்பது ரூபாய் குறைந்தது. சந்தை கலையும் சனிக்கிழமை வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வியாபாரி வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த முப்பது ரூபாயைத் தேடித்தான் அவர் எங்கள் கொட்டகைக்கு வந்தார். முதல் நாள் முழுக்க வேடிக்கைதான் பார்த்தார். பெங்களூரிலிருந்து வந்த தொப்பிக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு அவருக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கறுப்பிலேயே வை. ரெண்டு ரூபாய் போனால் அடுத்ததில் நாலு வை. அதுவும் போனால் எட்டு. என்றைக்காவது கறுப்பு விழுந்துதானே ஆகணும்? விழுந்த அன்றைக்குப் போனதெல்லாம் திரும்பி, மேலே ரெண்டு ரூபாய் லாபம்.

மாதப்பனுக்கு இது வேதவாக்காகப் பட்டதில் ஆச்சரியமே இல்லை. அவர் வானம் பார்த்த பூமிக்காரர். என்னிடமே சொன்னார்: "மூணு வருசம் காஞ்சிதுன்னா நாலாவது வருசம் பேஞ்சிதான் ஆவணும்மா. இல்லாங்காட்டி காடு இன்னிக்கு நிக்குமா? கோலியும் அப்பிடித்தான்."

வானத்துக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, குண்டுக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை எங்கே விழுந்தோம் என்று அதற்குத் தெரியாது. பதில் பேசுவது என் வேலை இல்லை என்பதால் நான் மலையைப் பார்த்துக்கொண்டு சுற்றினேன்.

இரண்டு நாள் அவருக்கு நன்றாகவே போயிற்று. குருவி பொறுக்குவதுபோல் இரண்டு இரண்டு ரூபாயாகச் சேர்த்துவிட்டார். இன்னும் ஆறேழு ரூபாய் போதும். அதற்கு அடுத்த நாள் மத்தியானத்துக்குமேல் மேற்கே மேகம் கட்டியது. கோடை மழை விழுந்தால் உடனே ஏர் பூட்ட வேண்டும், ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது. மாதப்பன் அவசரமாக வந்தார். ரெண்டு ரூபாய் கறுப்பில் வைத்தார். சிவப்பு விழுந்தது. நாலு வைத்தார், சிவப்பு. எட்டு, சிவப்பு. பதினாறு, முப்பத்திரண்டு, சிவப்பு, சிவப்பு. அறுபத்து நாலு வைத்தார். சிவப்பு.

அடுத்தது நூற்று இருபத்தெட்டு. நாயுடு முன்னால் வந்து, "அய்யா, நூத்தம்பதுக்கு மேல நாங்க வாங்க மாட்டோம். இதுக்கப்புறம் ரெட்டிப்பு கெடையாது. தெரிஞ்சுதானே வைக்கறீங்க?" என்று கேட்டார்.

"தெரியும்ங்க. இந்தவாட்டி கறுப்புதானுங்க" என்றார் மாதப்பன்.

நான் சக்கரத்தைத் தள்ளிக் குண்டை விட்டேன். காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தது. மலை மறைந்துபோயிற்று. பார்க்க ஒன்றும் இல்லாமல் வெறும் மஞ்சள் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'கையெடு' என்று சொன்ன என் குரலே யாருடையதோ மாதிரி இருந்தது. குண்டு தட்டித் தட்டிக் குதித்து அடங்கியது. குனிந்து பார்த்தேன். பச்சை.

மாதப்பன் அழவில்லை, கத்தவில்லை. முகம் அப்படியே தெளிந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். "சாமி கேட்டுக்கிச்சு. நான் கேட்டதக் குடுக்காம விடுமா?" என்று சொல்லிவிட்டு, மழை இறங்க இறங்க மலைப் பக்கமாக நடந்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நாயுடு நின்றார். குடையை விரிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மழை விட்டு இரண்டு நாள் ஆன பிறகு, காலையில் நாங்கள் ரசமட்டம் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். சேலை முழங்கால் வரைக்கும் சேறு. சந்தையிலிருந்து ஊருக்குத் திரும்பியவர்கள் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறாள். மாதப்பனின் மனைவி, பெயர் கெம்பம்மா.

"இங்க யாருங்க பெரியவரு?" என்றாள்.

"நான்தாம்மா" என்றார் நாயுடு.

"எங்க வூட்டுக்காரரு சாமிக்கு நூத்தியிருவத்தெட்டு ரூவா குடுத்தாராம். ரசீது குடுங்க."

நாயுடு கையிலிருந்த ஓலைத் துண்டு கீழே விழுந்தது.

"கோயில்ல அர்ச்சனைக்குக் குடுத்தாலே சீட்டு தராங்க. இம்மாம் பணத்துக்கு ரசீது இல்லியா? குடுங்க, நான் போயி கோயில்காரங்களக் கேக்கணும்."

அவள் குரலில் கோபமே இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள் என்று எனக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வியை நேராகக் கேட்டுவிட்டாள். நாயுடு தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார். சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சந்தையின் நல்ல நாள், இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கவில்லை. இப்போது உண்மை சொன்னால் கொட்டகை காலியாகிவிடும்.

"ரசீது தர முடியாதும்மா" என்றார். "அது கோயிலுக்குப் போகல்லே."

"அப்ப எங்க போச்சு?"

"எனக்கு வந்துச்சு. பச்சைக் குழி கம்பெனிப் பங்கு. எப்பவுமே அப்படித்தான்."

கூட்டத்தில் ஒருவர் "அடப்பாவி!" என்றார். கெம்பம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அத வந்து அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. சாமி வாங்கிக்கிச்சு, சாமியே மாட்டக் குடுக்கும், குடுக்காம எறங்க மாட்டேன்னு கோயில் படியில குந்தியிருக்காரு. பிரசாதந்தான் சோறு. அங்க ஈரம் காயுது. ஊரே ஏரு பூட்டியாச்சு." அதுவரை கல் மாதிரி நின்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "மாடு போனாப் போவுதுங்க. எனக்கு என் மனுசனக் குடுத்துடுங்க."

நாயுடு பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்தார். நூற்று இருபத்தெட்டு மட்டும். மற்றது சிவப்பில் தோற்றது, அது ஆட்டம் என்றார். பச்சையில் விழுந்தது சாமி பேரைச் சொல்லி வந்த பணம், அதை வைத்துக்கொள்ள முடியாது என்றார். அவருடைய நியாயம் எப்போதும் இப்படி ரசமட்டம் வைத்த மாதிரிதான் இருக்கும். என்னையும் வரச் சொன்னார்.

மூன்று பேரும் படி ஏறினோம். மழையில் கழுவின பாறை கண்ணாடி மாதிரி இருந்தது. அத்தனை நாள் கீழேயிருந்து பார்த்த மலையில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பாதி உயரத்தில் மேகம் எங்களைத் தாண்டிப் போயிற்று. கீழே சந்தை எறும்புப் புற்றாகச் சுருங்கி, மாட்டு மணிச் சத்தம் மட்டும் மிதந்து மேலே வந்துகொண்டிருந்தது. எங்கள் கொட்டகை எது என்று தேடினேன், தெரியவில்லை. இறங்காமலே இருந்துவிடலாம்போல எனக்கே ஆசையாக இருந்தது. பின்னே மாதப்பனைச் சொல்லி என்ன?

மாதப்பன் மேல்மண்டபத்துக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் அரைப்பட்டினி முகமாகவே இல்லை. நிம்மதியாக, கல்யாணத்துக்கு வந்தவர்போல் இருந்தார்.

நாயுடு கைகட்டி நின்றார். "மாதப்பா, நான் சொல்றதக் கேளு. அந்தக் குழி சாமியுது இல்ல. குங்குமம் வெச்சது நான். பணம் வந்தது எனக்கு. கோயிலுக்கு ஒரு காசு போனதில்ல. இத முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மாதப்பன் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த முகத்திலிருந்து வெளிச்சம் இறங்குவதை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். அதைவிட அவர் பணத்தைத் தோற்றபோது பார்த்தது எவ்வளவோ மேல்.

"அப்ப எம்மாடு சாமிகிட்டயும் இல்லியா?" என்றார்.

நாயுடு பணத்தை எடுத்து நீட்டினார். மாதப்பன் தொடவில்லை. கெம்பம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "எழுந்திரு மாமா, ஒத்த மாடாச்சும் புடிக்கலாம். அண்ணன் மாட்டோட சேத்துக் கட்டிக்கலாம்" என்று அவர் கையைப் பிடித்தாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ கூட்டிக் கழித்தார். மெல்ல அவர் முகத்தில் வேறொரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் தினமும் துணிக்கு எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"இருங்க, இருங்க. சாமி எடுத்துக்கலின்னா, அப்ப அத திருப்பி ஜெயிச்சுக்கலாமில்ல?" என்றார். "சாமிகிட்டப் போனதத்தான் கேக்கக் கூடாது. உங்ககிட்ட இருக்கறதுன்னா ஆட்டந்தான? ஏய், அந்தப் பணத்தக் குடு. ஏழுவாட்டி கறுப்பு வரல. எட்டாவது வராம எங்க போவும்? ரெண்டே சுத்து. ஜோடியும் வந்துடும்."

கெம்பம்மா முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொட்டகையைத் திறந்து வைத்துவிட்டு, வருகிறவனைப் போ என்று சொல்லி நாயுடுவுக்குப் பழக்கமில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, வாய் முந்திக்கொண்டது.

"ஆட்டம் கெடையாதுண்ணா. சக்கரத்து அச்சு முறிஞ்சி போச்சு" என்றேன்.

மாதப்பன் நம்பாமல் நாயுடுவைப் பார்த்தார். பெரியவர் பொய் சொல்ல மாட்டார் என்பது அந்தச் சந்தைக்கே தெரியும். நாயுடு என்னைப் பார்த்தார், கீழே சந்தையைப் பார்த்தார், குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "முறிஞ்சிடுச்சு. இன்னிக்கே லாரியில ஏத்தறோம்."

சந்தையின் மிச்ச நாட்கள் மொத்தமும் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. சொன்னபடியே அன்று சாயங்காலம் ஏற்றியும் விட்டோம். ஆனால் அது அப்புறம். அப்போது மாதப்பன் விடுவதாயில்லை.

"அச்சுதான? நான் தச்சுவேல தெரிஞ்சவனுங்க. எங்கூரு ஏரெல்லாம் நான்தான் செதுக்கறது. வாங்க, ஒரு நாழியில சரி பண்ணித் தரேன்" என்று படியிலிருந்து ஆர்வமாக நகர்ந்தார்.

கெம்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வூட்டுல நம்ம ஏரு மேழி ஒடஞ்சி, போன ஐப்பசியிலேர்ந்து மூலையில கெடக்குது மாமா" என்றாள். "மொதல்ல அதப் பாரு. ஈரம் போயிடும்."

மாதப்பன் குனிந்து, விரலால் படியின் இடுக்கிலிருந்த மண்ணைத் தோண்டி, உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.